கிழங்கு கைக்குமா?

கருங்கல் சந்தையில் மரச்சீனிக்கிழங்கு குவித்து வைத்திருக்கும் இடத்தில் சற்று நின்றால் இரண்டு கேள்விகள் காதில் விழாமல் போகாது. ஒன்று, "வேவுமா?" இன்னொன்று, "கைக்காதுல்லா?" கடைக்காரரிடம் இரண்டுக்கும் ஒரே பதில்தான். "நம்ம விளையில உள்ளதாக்கும் அக்கா, பச்சையாட்டே திங்கலாம்." அக்கா அதை நம்புவதில்லை. ஒரு கிழங்கை எடுத்து, ஒடிந்த முனையில் நகத்தால் தோலைச் சுரண்டி, வெள்ளைச் சதையில் பொட்டளவு கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறார். அதன் பிறகுதான் விலை பேச்சு.

துப்புவதற்கு முந்திய அந்த ஒரு நொடியில் அவர் நாக்கில் நடப்பதை விஞ்ஞானம் ஓரளவு தெரிந்துகொண்டு இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. மனித உடலின் ஏழாம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு, நாக்கின் செல் ஒன்றின் மேல்தோலில் ஒரு புரதத்தைக் காவலுக்கு நிறுத்தி வைத்திருக்கிறது. கிழங்கிலுள்ள ஒரு பொருள் வந்து தொட்டதும் அந்தப் புரதம் உள்ளே தகவல் சொல்கிறது. நாம் 'கைக்குது' என்கிறோம்.

கைப்பு என்ற சொல்லை இங்கே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டின் மற்ற பக்கங்களில் கசப்பு என்று ஆகிவிட்டது. குமரியின் மேற்குப் பகுதியில் பாகற்காய் கைக்கும், கஷாயம் கைக்கும், கிழங்கும் சிலபோது கைக்கும். மலையாளத்திலும் அதே சொல்தான்.

வெளியூர்க்காரர்கள் குமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று எழுதிவிடுகிறார்கள். நாஞ்சில் நாடு என்பது கிழக்கே, வயலும் குளமுமாக நெல் விளையும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். கருங்கல் மேற்கே. ஏற்றமும் இறக்கமுமான செம்மண் விளைகள். நெல்லுக்கு இடம் குறைவு, கிழங்குக்கு இடம் நிறைய. அரிசிச் சோறு தினமும் கிடைக்காத வீடுகளில் ஒரு நேரமாவது கிழங்கு என்பது போன தலைமுறையின் வாழ்க்கை. இன்றைக்குக் கிழங்கும் மீனும் ஓட்டலில் கிடைக்கிற பண்டமாகிவிட்டது. அன்றைக்கு அது பசி.

இந்தக் கிழங்குக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் கப்பலில் மலையாளக் கரைக்கு வந்தது. வந்த பிறகும் நெடுங்காலம் பெரிதாகப் பரவவில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மாதான் இதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். கருங்கல் அப்போது திருவிதாங்கூரில். விஷக்கிழங்கு என்று சனங்கள் அஞ்சியபோது, வேகவைத்த கிழங்கைத் தன் இலையில் பரிமாறச் சொல்லி மன்னரே உண்டு காட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு மெய்யோ, சனங்களின் அச்சம் மெய். அந்த அச்சம் மூடத்தனமும் அல்ல. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபின் ரங்கூன் அரிசி வருவது நின்றுபோனபோது, நெல் பற்றாத திருவிதாங்கூரைப் பட்டினியிலிருந்து பெருமளவு காத்தது இந்த விஷக்கிழங்குதான்.

விஷம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மரச்சீனிச் செடி தன் செல்களில் லினமரின் என்ற பொருளைச் சேர்த்து வைக்கிறது. கூடவே லோட்டாஸ்ட்ராலின் என்ற இன்னொன்று கொஞ்சம். லினமரினைப் படமாகப் போட்டால் ஒரு பக்கம் குளுக்கோஸ், சாட்சாத் சர்க்கரை. மறுபக்கம் அதன்மேல் தொங்கவிட்ட ஒரு சிறு பொதி. அந்தப் பொதிக்குள்தான் சயனைடு. சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கும்வரை சயனைடு யாரையும் ஒன்றும் செய்யாது, செடியையும் சேர்த்து. கட்டை அறுக்கும் கத்தி, அதாவது லினமரேஸ் என்ற நொதி, செல்லின் வெளிச்சுவரில் தனியாக இருக்கிறது. வெடிமருந்தை ஓர் அறையிலும் தீக்குச்சியை வேறோர் அறையிலும் வைத்துப் பூட்டிய ஏற்பாடு. ஆடு இலையைக் கடித்தாலோ, எலி கிழங்கைக் கறம்பினாலோ, நாம் அரிவாளால் வெட்டினாலோ அறைச்சுவர் இடிந்து இரண்டும் சந்திக்கின்றன. முதலில் சர்க்கரை கழன்று விழும். மிச்சம் நிற்கும் பொருள் நிலையில்லாதது. தானாகவே உடைந்து அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் ஆகும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிற பொருள். நம் ஊர் வெயிலுக்கு அதுவே போதும்.

உடலுக்குள் சென்ற சயனைடு செல்களின் மூச்சை நிறுத்துகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. மரச்சீனி இலையை மேய்ந்த ஆடு சற்று நேரத்தில் விழுந்து துடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கிழங்கின் சதையைவிட இலையிலும் தோலிலும் இது அதிகம். தோலை ஆட்டுக்குப் போடாதே என்று வீட்டில் சொல்வது அதனால்தான்.

இனி அடுக்களைக்கு வருவோம். கிழங்கை முழுசாக வேகவைப்பதில்லை. தோலுரித்து, சிறு துண்டுகளாக்கி, துண்டுகள் முங்கும் அளவுக்கும் மேலே தண்ணீர் விட்டு, ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். மறுபடியும் நல்ல தண்ணீர், உப்பு, வேகும்வரை கொதி, மறுபடியும் வடிப்பு. கைக்கிற கிழங்கென்றால் மூன்றாம் முறையும் ஊற்றி எடுப்பார்கள். பிறகு தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் சதைத்துப் போட்டு மசிக்க வேண்டியதுதான். மலையாளத்தில் இந்த விஷத்துக்குத் தனியாகக் 'கட்டு' என்றே ஒரு பெயர் உண்டு. தண்ணீரை மாற்றுவது கட்டைக் களையத்தான்.

இதில் ஒரு நுட்பம். கொதிக்கும் தண்ணீரில் லினமரேஸ் நொதி சீக்கிரம் செத்துவிடும். கத்தி போய்விட்டால் கட்டு அறுபடாது. லினமரின் முழுசாகவே கிழங்கில் நிற்கும். ஆகவே வேகவைத்தால் மட்டும் விஷம் போகாது. லினமரின் தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால், தண்ணீரைக் கொட்டும்போதுதான் அது வெளியேறுகிறது. துண்டு சிறிதாக இருக்க வேண்டும், தண்ணீர் அதிகமாக இருக்க வேண்டும், அந்தத் தண்ணீரைக் குழம்பில் சேர்க்கக்கூடாது என்ற மூன்று விதிக்கும் வேதியியல் காரணம் இது. ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே விதியைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாக்கை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நாக்கின் பரப்பில் சுவை மொட்டுகள், ஒவ்வொரு மொட்டிலும் பூண்டுப் பற்கள் போல நெருக்கி அடுக்கிய செல்கள். அவற்றுள் சில செல்கள் கைப்புக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இவற்றின் மேல்தோலில் கைப்பை இனம் காணும் ஏற்பிகள் இருக்க வேண்டும் என்பது பல காலமாகத் தெரியும். ஆனால் அந்த ஏற்பிகள் எவை, எந்த மரபணு அவற்றைச் செய்கிறது என்பது தெரியாமலே இருந்தது. 1992இல் ராபர்ட் மார்கோல்ஸ்கியின் குழு நாக்கின் செல்களுக்குள் ஒரு தூதுப் புரதத்தைக் கண்டுபிடித்து கஸ்ட்டூசின் என்று பெயர் வைத்தது. தூதன் கிடைத்துவிட்டான், அவனை அனுப்பிய வாயிற்காவலன் கிடைக்கவில்லை. எட்டு ஆண்டு கழித்து, மனித மரபணுத் தொகுதியின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியாகிக்கொண்டிருந்த 2000இல், சார்லஸ் சூக்கர், நிக்கோலஸ் ரிபா ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் ஒரு புதிய ஏற்பிக் குடும்பத்தையே தோண்டி எடுத்தன. அந்தக் குடும்பத்தின் வேலை கைப்பை உணர்வதுதான் என்று நிறுவிய ஆய்வுக்கட்டுரையின் முதல் பெயர் ஜெயராம் சந்திரசேகர். அதே ஆண்டில் லிண்டா பக்கின் குழுவும் தனிவழியாக அதே குடும்பத்தை வந்தடைந்தது.

மனிதருக்கு இந்தக் குடும்பத்தில் வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 25. இனிப்பைக் கண்டறிய இரண்டு புரதங்கள் சேர்ந்த ஒரே ஏற்பிதான் முதன்மையானது. கைப்புக்கு 25. சர்க்கரை எங்கிருந்து வந்தாலும் சர்க்கரை. விஷத்துக்கு ஆயிரம் முகம். எட்டிக்காயின் ஸ்ட்ரிக்னினைப் பிடிக்க இருப்பது இந்தக் குடும்பத்தின் 10ஆம், 46ஆம் எண் உறுப்பினர்கள். நிலவேம்பின் கைப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடும் 46ஆம் ஏற்பியைத் தட்டும், 50ஆம் ஏற்பியையும் தட்டும். எட்டிக்காயும் நிலவேம்பும் ஒரே கதவைத் தட்டுகின்றன என்றால் ஒன்றைக் கொல்லும் விஷமாகவும் மற்றதை மருந்தாகவும் நாக்கு எப்படிப் பிரிக்கும்? பிரிக்காது. அது நாக்கின் வேலை அல்ல, பாட்டிமார் வேலை.

மரச்சீனிக்குரிய கதவு 16ஆம் எண். டாஸ்2ஆர்16 என்று எழுதுகிறார்கள். 'டாஸ்' சுவையைக் குறிக்கும், '2' இரண்டாம் வகை, 'ஆர்' ஏற்பி. ஊர்க்காரர்கள் வீட்டு இலக்கம் சொல்வதுபோல நாமும் பதினாறாம் ஏற்பி என்றே வைத்துக்கொள்வோம். மரபணுக்களில் இது சிறியது. பல மரபணுக்களைப்போல இடையிடையே வெட்டி ஒட்ட வேண்டிய துண்டுகள் இல்லாமல் ஒரே ஓட்டமாக எழுதியது. அது செய்யும் புரதத்தில் 291 அமினோ அமிலங்கள். சாக்குத் தைக்கும்போது நூல் துணிக்குள் போவதும் வருவதுமாக இருக்குமல்லவா, அதேபோல இந்தப் புரதம் செல்லின் சவ்வை ஏழு முறை துளைத்து உள்ளும் வெளியுமாக நிற்கிறது. கண்ணில் ஒளியை உணரும் புரதம், அட்ரினலின் வந்ததும் இதயத்தைப் படபடக்க வைக்கும் ஏற்பி, மூக்கில் மணம் அறிபவை எல்லாமே இப்படி ஏழு தையல் போட்டவைதான். இந்தப் பெருங்குடும்பத்தை விளக்கியதற்குத்தான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் பிரையன் கோபில்காவுக்கும் 2012இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உடல் ஒரு நல்ல தச்சு வேலையைக் கற்றுக்கொண்டால் எல்லாச் சாளரத்துக்கும் அதையே போடுகிறது.

பதினாறாம் ஏற்பி எதைப் பிடிக்கிறது என்று 2002இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் பெர்ண்ட் பூஃபே, வொல்ஃப்கேங் மேயர்ஹாஃப் குழுவினர் கண்டறிந்தார்கள். இந்த மரபணுவைப் பரிசோதனைச் செல்களுக்குள் புகுத்தி, ஒவ்வொரு கைப்புப் பொருளாக விட்டுப் பார்த்தார்கள். வில்லோ மரப்பட்டையில் உள்ள சாலிசினுக்கு அந்தச் செல்கள் விழித்துக்கொண்டன. ஆஸ்பிரினுக்கு மூதாதையான பொருள் அது. சாலிசினை ஒத்த உருவமுடைய பலவற்றுக்கும் விழித்தன. அவற்றுக்குப் பொதுவாக இருந்தது குளுக்கோஸ்தான். ஒரு குளுக்கோஸ், அதன் குறிப்பிட்ட மூலையில், குறிப்பிட்ட பக்கம் திரும்பி, தண்ணீருக்கு ஒட்டாத வேறொரு துண்டு இணைந்திருக்க வேண்டும். அந்தத் திருப்பம் மாறினால் ஏற்பி கண்டுகொள்ளாது. இந்த வகைப் பொருள்களுக்கு பீட்டா குளுக்கோபைரனோசைடுகள் என்று பெயர். லினமரினும் அந்த வகையறாதான்.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. நாக்கு சயனைடைச் சுவைத்துப் பார்ப்பதில்லை. சயனைடைத் தாங்கி நிற்கும் சர்க்கரையைத்தான் பிடித்துப் பார்க்கிறது, அதுவும் அந்தச் சர்க்கரையின் தோளில் ஒரு மூட்டை இருந்தால் மட்டும். வெறும் சர்க்கரை பக்கத்துச் செல்லில் தித்திப்பாகிவிடும். அதே சர்க்கரை முதுகில் மூட்டை ஏற்றி வந்தால் இந்தச் செல் கைக்கிறது என்று கூவும். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க அதற்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் மூட்டையோடு வருபவரை மட்டும் நிறுத்திவைக்கும் போலீஸ்காரர்போல. மரச்சீனி என்ற பெயரில் சீனி இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

நிறுத்திவைத்த பிறகு நடப்பவை வேகமானவை. லினமரின் வந்து பொருந்தியதும் ஏற்பியின் உருவம் சற்றே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கம் சவ்வுக்கு உள்பக்கம் சாய்ந்திருக்கும் கஸ்ட்டூசினைத் தட்டிவிடும். அதிலிருந்து ஒரு நொதி, அந்த நொதியிலிருந்து ஒரு சிறு மூலக்கூறு, அந்த மூலக்கூறு செல்லுக்குள் பூட்டி வைத்த கால்சியத்தைத் திறந்துவிட, கால்சியம் வேறொரு கதவைத் திறந்து மின்னூட்டத்தை மாற்ற, கடைசியில் செல் ஏடிபி என்ற பொருளை வெளியே உமிழ, நரம்பு அதைப் பிடித்து மூளைக்கு அனுப்புகிறது. லினமரின் செல்லுக்குள் நுழையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசலில் நின்றபடியே வந்த வேலை முடிந்தது. வந்தவனை வீட்டுக்குள் விடாமலே அவன் யாரென்று அறிந்துகொள்கிற இந்த ஏற்பாடுதான் ஏற்பிகளின் சாமர்த்தியம். விஷத்தைப் பொறுத்தவரை இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது.

எல்லா மனிதருக்கும் இந்தக் காவலாளி ஒரே மாதிரி இல்லை. 2005இல் நிக்கோல் சொரான்சோவும் கூட்டாளிகளும் உலகின் 60 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 997 பேரிடம் இந்த மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 291 அமினோ அமிலங்களில் 172ஆம் இடத்தில் பழைய வடிவத்தில் லைசின். புதிய வடிவத்தில் அஸ்பரஜின். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. புதிய வடிவம் சாலிசினுக்கும் சயனைடு சுமக்கும் சர்க்கரைகளுக்கும் கூடுதலாக விழிக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஏறக்குறைய எல்லோரிடமும் இருப்பது இந்தப் புதிய வடிவம்தான். பழையது மத்திய ஆப்பிரிக்காவில் ஓரளவு தங்கியிருக்கிறது. விஷச்செடிகளைத் துப்பத் தெரிந்தவர்கள் பிழைத்துப் பெருகியதன் தடயம் என்று ஆய்வாளர்கள் இதைப் படித்தார்கள். கருங்கல் சந்தையில் கிழங்கைக் கிள்ளும் அக்காவிடமும் அந்தப் புதிய எழுத்து இருக்கவே பெரும் வாய்ப்பு. அமெரிக்கக் கிழங்கு வந்து நூற்றாண்டுகள் சிலதான். அதைச் சோதிக்கிற எழுத்து பல்லாயிரம் ஆண்டுகள் பழையது, வேறு ஏதேதோ செடிகளுக்காக வாய்த்தது.

பழைய எழுத்து ஆப்பிரிக்காவில் ஏன் அழியாமல் நின்றது? சிறிதளவு சயனைடு தொடர்ந்து உடலில் இருந்தால் மலேரியாக் கிருமிக்கு அது இடைஞ்சலாக இருக்கலாம், ஆகவே மந்தமான நாக்கே அங்கே லாபமாக இருந்திருக்கலாம் என்று அவர்கள் ஓர் ஊகம் வைத்தார்கள். அழகான ஊகம். அழகாக இருப்பதாலேயே நான் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறேன். மரச்சீனி ஆப்பிரிக்காவுக்குப் போனதே பதினாறாம் நூற்றாண்டில்தான். ஒரு மரபணுவின் பரவலை விளக்க அந்தக் காலம் போதாது. அதற்கு முன்பு தின்ற சோளம் போன்றவற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு செத்துவிழும் என்பது நம் கரிசல் சம்சாரிகளுக்குத் தெரியும். அதிலும் சயனைடு இதே உத்தியில்தான் ஒளிந்திருக்கிறது.

இந்தக் காவலாளியைப் பற்றிப் பெருமையாகவே பேசிக்கொண்டிருந்தால் அது முழு உண்மை ஆகாது. பதினாறாம் ஏற்பி அப்படியொன்றும் கூர்மையானதல்ல. லினமரின் நிறைய வந்தால்தான் விழிக்கும். மேலும் மரச்சீனியின் கைப்பு முழுவதும் லினமரினால் மட்டும் வருவதில்லை. சயனைடு இல்லாத இன்னொரு சர்க்கரைப் பொருளும் அதில் கைக்கிறது. ஆகையால் கைப்பதெல்லாம் விஷம், கைக்காததெல்லாம் நல்லது என்று கணக்குப் போட முடியாது. பெரும்பாலும் சரியாக வரும், சிலபோது தவறும். ஒரே மூட்டில் பிடுங்கிய கிழங்குகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. சாப்பாட்டில் ஒருவர் முகம் சுளிக்க, மற்றவர் "ஒண்ணும் கைக்கல்லையே" என்பது மரபணு வேற்றுமையாக இருப்பதைவிடத் துண்டு வேற்றுமையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

நாக்கு சொல்வதைக் கேட்க முடியாத நிலைமையும் மனிதனுக்கு வரும். 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. தாக்குப்பிடித்து நின்ற பயிர் கைக்கிற மரச்சீனி மட்டும்தான். நாட்கணக்கில் ஊறவைத்தும் காயவைத்தும் தின்ன வேண்டியதைப் பசியில் அவசரமாகத் தின்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், திடீரென்று கால்கள் இரண்டும் விறைத்துப்போயின. திரும்பச் சரியாகாத முடக்கம். காங்கோவில் இந்த நோய்க்குக் கொன்சோ என்று பெயர். கட்டப்பட்ட கால்கள் என்று பொருள். அவர்கள் நாக்கில் ஏற்பி வேலை செய்யாமலா இருந்தது? கைத்தது. கைத்தும் தின்றார்கள்.

கொன்சோ வந்த ஊர்களில் கிழங்கோடு இன்னொரு குறையும் சேர்ந்திருந்தது: புரதம். உடலுக்குள் வந்த சயனைடைக் கல்லீரல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறது. அதற்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் வருவது மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து. மரச்சீனியில் புரதமே அற்பம். சயனைடு விஷம் ஏறியவருக்கு மருத்துவர் ஊசியில் கொடுக்கும் சோடியம் தயோசல்ஃபேட்டும் கந்தகத்தைக் கொடுக்கத்தான். அதே காரியத்தை மெதுவாகவும் ருசியாகவும் செய்வது மீன். கருங்கல்லிலிருந்து சைக்கிள் மிதித்தால் தொடும் தூரத்தில் மிடாலம், இனயம், குளச்சல் கடற்கரைகள். சாளையும் நெத்தோலியும் அயிலையும் அங்கிருந்து தலைச்சுமையாக ஏறி வந்த காலம் உண்டு. கிழங்கு மசித்ததற்குச் சாளைப் புளிமுளம் என்று யார் சேர்த்து வைத்தார்களோ, ருசிக்காகத்தான் சேர்த்திருப்பார்கள். ஆனால் கந்தகம் வந்துவிட்டது. கூடவே அயோடினும் வந்தது. தயோசயனேட் அதிகமானால் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போகும் பாதையை அது மறித்து முன்கழுத்துக் கழலைக்கு வழி வகுக்கும். கடல் மீனில் அயோடின் இருக்கிறது. கிழங்கும் கட்டஞ்சாயாவும் மட்டுமே இரவுச் சாப்பாடாக இருந்த வீட்டையும், கிழங்கும் மீனும் இருந்த வீட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது.

கிழங்கின்மேல் சுமத்தப்பட்ட பழியெல்லாம் நிலைக்கவும் இல்லை. கேரளத்தில் இளம் வயதிலேயே கணையத்தில் கல் சேர்ந்து, வயிற்றுவலியும் சர்க்கரை நோயுமாக மெலிந்துபோன ஏழைகளை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்தவர் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ். நோயாளிகள் ஏழைகள், கிழங்கு ஏழைகளின் உணவு. கிழங்கின் சயனைடே கணையத்தைக் கெடுக்கிறது என்ற கருத்தை 1979இல் அவரும் மக்மில்லனும் முன்வைத்தார்கள். நல்ல தர்க்கம்தான். ஆனால் மரச்சீனியே தின்னாத இடங்களிலும் அந்த நோய் தென்பட்டது. மரச்சீனியே கதி என்று இருக்கும் ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் அது அரிதாக இருந்தது. 2002 வாக்கில் ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்து ஆய்வாளர்களும் வேறு குழுக்களும் இந்த நோயாளிகளில் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற வேறொரு மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். கணையம் தன்னைத்தானே செரித்துவிடாமல் காக்கும் புரதத்தின் மரபணு அது. ஏழையின் நோய்க்கு ஏழையின் சாப்பாட்டைக் குற்றம் சொல்வது சுலபம், மருத்துவத்திலும்.

கைக்காத கிழங்குக்காக மனிதர்கள் ஆய்வுக்கூடத்திலும் மெனக்கெட்டார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பல இரகங்களை வெளியிட்டது. 1977இல் வந்த ஒன்றுக்கு ஸ்ரீ விசாகம் என்று அந்த மன்னரின் பெயரையே வைத்தார்கள். மலேசியாவிலிருந்து வந்த எம்-4 இரகம் பஞ்சுபோல வேவதற்குப் பெயர் பெற்றது. புதிய கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே சயனைடு இருந்தால் இனிப்பு வகை என்பது சர்வதேசக் கணக்கு. கைப்பு வகைகளில் அது பல நூறு மில்லிகிராம்வரை போகும். சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்குக்குக் கைப்பு ஒரு குறை அல்ல. அரைத்து, கழுவி, காயவைப்பதில் விஷம் போய்விடும். சாப்பாட்டுக் கிழங்குக்குத்தான் நாக்கின் சான்றிதழ் வேண்டும். அந்த ஸ்ரீகாரியம் நிலையமே மரச்சீனி இலையின் விஷத்தைப் பிரித்தெடுத்து, வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டுக்கு எதிராக நன்மா, மென்மா என்று பூச்சிமருந்துகளும் தயாரித்திருக்கிறது. கிழங்கைக் காத்த விஷம் பக்கத்து விளை வாழையைக் காக்கப் போகிறது.

கருங்கல்லைச் சுற்றிய விளைகளில் இப்போது கிழங்கு குறைந்துவிட்டது. செம்மண் சரிவெங்கும் ரப்பர். கிழங்கை விரட்டிவிட்டு ரப்பர் வந்தது என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள். தாவரவியல்படி வந்தது அந்நியன் அல்ல. இரண்டும் ஆமணக்குக் குடும்பம், இரண்டுக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா. ரப்பர் மரமும் தன் இலையிலும் விதையிலும் சேர்த்து வைத்திருப்பது அதே லினமரின்தான். முற்றிய ரப்பர் காய் பட்டென்று வெடித்து, புள்ளி போட்ட விதைகள் தோட்டமெங்கும் சிதறும். பிள்ளைகள் அதைக் கல்லில் உரசிச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைத்துவிட்டு ஓடுவார்கள். ஒருவன் ஓட்டை உடைத்து உள்ளே வெள்ளையாக இருக்கும் பருப்பை நுனிப்பல்லால் கடித்துப் பார்த்திருப்பான். கடித்த வேகத்திலேயே துப்பியும் இருப்பான்.